தாத்தாவுக்கு சார்ஜ் போடலாமா?

போன வருஷம் ஐப்பசி மாதம். அடைமழை. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். வைத்தியசாலையை மூடலாம்னு எழுந்திருக்கும்போது, அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, அஞ்சரை வயசுப் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"டாக்டரய்யா, பிள்ளை ஒரு மாசமா சரியாத் தூங்க மாட்டேங்கிறான். சாப்பாடும் இறங்கல. வயிறு வலிக்குதுங்கிறான். ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்துக்கிட்டு, என் மூக்குக்கிட்ட விரலை வச்சு வச்சுப் பாக்கிறான். பயந்துட்டானோன்னு மந்திரிச்சாச்சு, கயிறும் கட்டியாச்சு. நல்லதா ஒரு லேகியம் குடுங்க."

நாடி பார்த்தேன். நாக்கு, கண், வயிறு எல்லாம் பார்த்தேன். பூச்சித் தொந்தரவு மாதிரியும் தெரியவில்லை. உடம்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூக்கில் விரல் வைக்கிற விஷயம் மட்டும் மனதை உறுத்தியது. "வீட்டுல சமீபத்துல ஏதாவது துக்கம் நடந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய கணவர் காலமாகி நாற்பது நாள் ஆகிறதாம். பையனுக்குத் தாத்தா என்றால் உயிர். "தாத்தா தூங்கறாரு"ன்னு சொல்லிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது கட்டிலும் இல்லை, தாத்தாவும் இல்லை.

பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு துண்டு பனங்கற்கண்டு கொடுத்து, மெதுவாகக் கேட்டேன். "ஏன் தம்பி, பாட்டி மூக்கைத் தொட்டுப் பாக்குறே?"

"பாட்டியும் தூங்கிட்டாங்கன்னா?" என்றான். கொஞ்ச நேரம் கற்கண்டைச் சப்பிக்கொண்டிருந்துவிட்டு அவனே ஆரம்பித்தான். "டாக்டர் மாமா, போன் செத்துப்போச்சுன்னா அப்பா சார்ஜ் போடுவாரு. உயிர் வந்துடும். தாத்தாவுக்கு எங்க சார்ஜ் போடணும்?"

இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக வைத்தியம் பார்க்கிறேன். அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலேயே "உயிருள்ளவை, உயிரற்றவை" என்று பாடம் வந்துவிடுகிறது. நாய் உயிருள்ளது, நாற்காலி உயிரற்றது என்று பிள்ளை ஒப்பித்துவிட்டால் பத்துக்குப் பத்து போட்டுவிடுகிறார்கள். நாமும் சந்தோஷப்பட்டு விட்டுவிடுகிறோம். ஆனால் இது பரீட்சைக்கான பாடம் மட்டும் இல்லீங்க. தன் உடம்பு என்ன, பசி என்ன, நோய் என்ன, சாவு என்ன என்று ஒரு பிள்ளை புரிந்துகொள்வதற்கான அஸ்திவாரமே இதுதான். அஸ்திவாரம் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பையனே சாட்சி.

நாம பேசுற பேச்சைக் கொஞ்சம் கேளுங்க

குழப்பத்தை ஆரம்பித்து வைப்பதே பெரியவர்களாகிய நாம்தான். "பேட்டரி செத்துப்போச்சு", "கரன்ட் வந்ததும் ஃபேனுக்கு உயிர் வந்துச்சு", "வண்டி மக்கர் பண்ணுது", "கடிகாரம் ஓடுது"... ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! குழந்தை தரையில் விழுந்தால், "உன்னைத் தள்ளிவிட்ட தரையை அடிச்சுடலாம்"னு தரைக்கு ரெண்டு அடி வேறு கொடுக்கிறோம்.

நம்ம தமிழ் இலக்கணமும் இந்த விஷயத்தில் பிள்ளைக்குக் கைகொடுப்பதில்லை. மனிதர்கள் உயர்திணை, மற்ற எல்லாமே அஃறிணை. "நாய் வந்தது" என்கிறோம், "பஸ் வந்தது" என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே "வந்தது"தான்! நாய்க்கு வலிக்கும், பஸ்ஸுக்கு வலிக்காது என்பதைப் பேச்சிலிருந்து பிள்ளை கண்டுபிடிக்க முடியாது. யாராவது காட்டித்தான் தரவேண்டும்.

இதற்காகப் பேச்சையே மாற்றிக்கொள்ள வேண்டாம். "போன் செத்துப்போச்சுன்னு சும்மா சொல்றோம்டா கண்ணா. அதுக்கு எப்பவுமே உயிர் கிடையாது. மின்சாரம் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்" என்று எப்போதாவது ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் போதும்.

அசைந்தால் உயிரா?

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜான் பியாஜே என்ற அறிஞர், 1920-களில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து "சூரியனுக்கு உயிர் இருக்கா? மேகத்துக்கு? சைக்கிளுக்கு?" என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்து வைத்தார். அசைகிறதெல்லாம் உயிருள்ளது என்று பல பிள்ளைகள் நம்புவதை அவர் கவனித்தார். மேகம் போகிறது, அதனால் உயிர் இருக்கிறது. வேப்பமரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, அதனால் உயிர் இல்லை!

உங்கள் பிள்ளையும் இப்படிச் சொன்னால், "இதுகூடத் தெரியலையா"ன்னு தலையில் குட்டாதீர்கள். அது முட்டாள்தனம் இல்லை. கண்ணால் பார்த்ததை வைத்துப் பிள்ளை தானாகப் போட்ட கணக்கு. கணக்கில் ஒரு படி குறைகிறது, அவ்வளவுதான். அந்தப் படியைத்தான் நாம் காட்ட வேண்டும்.

செடி, மரம்தான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். ஆனால் நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள். தொல்காப்பியத்தின் மரபியலில், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தி இருக்கிறார்கள். தொடு உணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் ஓரறிவு உயிர். எறும்புக்கு மூன்றறிவு. நண்டுக்கு நான்கு. விலங்குக்கும் பறவைக்கும் ஐந்து. மனம் உள்ள மனிதனுக்கு ஆறு. இன்றைய அறிவியல் இதே மாதிரி பிரிப்பதில்லை என்றாலும், நடக்காத புல்லையும் உயிர்க் கணக்கில் முதலில் சேர்த்தார்கள் பாருங்கள், அதுதான் விசேஷம்.

பிறகு வங்காளத்து விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸ், செடியின் நுணுக்கமான வளர்ச்சியைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். வெளியிலிருந்து வரும் தூண்டுதலுக்குச் செடி எப்படிப் பதில் கொடுக்கிறது என்று உலகத்துக்குக் காட்டினார். உங்களுக்கு அந்தக் கருவி தேவையில்லை. ஊர்ப் பக்கம் போனால் வாய்க்கால் ஓரத்துத் தொட்டாற்சுருங்கியைப் பிள்ளையை விட்டுத் தொடச் சொல்லுங்கள். முள் மட்டும் ஜாக்கிரதை.

மூணு டப்பா விளையாட்டு

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

பாடப் புத்தகத்தில் பெரும்பாலும் இரண்டே கட்டங்கள்தான். உயிருள்ளவை ஒரு பக்கம், உயிரற்றவை ஒரு பக்கம். என்னைக் கேட்டால் இரண்டு போதாது, மூன்று வேண்டும்.

சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் என்று ஒரு பாடம் உண்டு. மருந்துப் பொருட்களை மூலிகை, தாது, சீவம் என்று மூன்று வகுப்பாகப் பிரித்துப் படிப்போம். செடிகொடிகள் எல்லாம் மூலிகை. உப்பு, உலோகம் எல்லாம் தாது. சங்கு, முத்து, பவளம் மூன்றும் சீவ வகுப்பு. மாணவனாக இருந்தபோது எனக்கு ஆச்சரியம். கையில் எடுத்துப் பார்த்தால் பவளம் கல் மாதிரி இருக்கிறது, சங்கும் கல் மாதிரி இருக்கிறது. அப்புறம் ஏன் சீவம்? ஏனென்றால் அவை எல்லாம் ஒரு காலத்தில் ஓர் உயிர் உண்டாக்கியவை. சங்குக்குள் ஒரு பிராணி வாழ்ந்தது. இப்போது உயிர் இல்லை. ஆனால் அது வெறும் கல்லும் இல்லை.

இதையே பிள்ளைக்கு விளையாட்டாக்குங்கள். மூன்று பழைய பிஸ்கட் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் டப்பா: உயிர் இருக்கிறது. 
இரண்டாவது டப்பா: உயிர் இருந்தது. 
மூன்றாவது டப்பா: உயிர் இருந்ததே இல்லை.

பிள்ளையை வீடு முழுக்கச் சுற்றிச் சின்னச் சின்னப் பொருளாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். கூழாங்கல், ஸ்பூன், சாவி மூன்றாவது டப்பா. காய்ந்த இலை, கோழி இறகு, முட்டை ஓடு, தேங்காய் நார், பருத்தித் துணி, சோழி, தீக்குச்சி எல்லாம் நடு டப்பா. எடுத்து வைக்க முடியாததை, அதாவது நாற்காலி, கதவு, பூனை, துளசி மாடத்துத் துளசியை, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் போடலாம்.

நாலைந்து நாளில் பாருங்கள், நடு டப்பாதான் நிரம்பி வழியும். நம்மைச் சுற்றி இருப்பதில் எவ்வளவோ, ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்பது பிள்ளைக்குத் தானே புரியும். உயிர் போனது போனதுதான், திரும்பி வராது. ஆனால் போனது ஒன்றுமில்லாமல் போய்விடவும் இல்லை. இதைப் பிரசங்கம் பண்ணிப் புரியவைக்க முடியாது. நடு டப்பா புரியவைத்துவிடும்.

வீட்டிலேயே மூன்று சோதனை

*நாடியும் கடிகாரமும்:* பிள்ளையின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, உங்கள் மூன்று விரலை வைத்து நாடியைக் காட்டிக்கொடுங்கள். "டிக் டிக்குனு கடிகாரம் மாதிரியே இருக்கே!" என்று சொல்லும். எண்ணுங்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்குச் சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 75 முதல் 115 வரை இருக்கலாம். இப்போது மொட்டை மாடியில் ஐந்து சுற்று ஓடிவிட்டு வரச்சொல்லி மறுபடி எண்ணுங்கள். எகிறி இருக்கும். "சரி, கடிகாரத்தைக் கையில எடுத்துக்கிட்டு ஓடு பாக்கலாம். அது வேகமா அடிக்குதா?" அடிக்காது. கடிகாரத்துக்கு ஓடினதும் தெரியாது, களைத்ததும் தெரியாது. உடம்பு மட்டும் தேவை தெரிந்து பதில் சொல்கிறது.

*பச்சைப்பயறு:* முழுப் பச்சைப்பயறில் ஒரு கைப்பிடியை அப்படியே ஊறவையுங்கள். இன்னொரு கைப்பிடியை வேகவைத்து ஆறவையுங்கள். இரண்டையும் தனித்தனி ஈரத்துணியில் கட்டி வையுங்கள். இரண்டு நாளில் பச்சைப் பயறு முளை விடும், வெந்தது முளைக்காது. டப்பாவில் கல் மாதிரி கிடந்த பயறு இத்தனை நாளும் உயிரோடுதான் இருந்திருக்கிறது! இஸ்ரேலில் மசாடா கோட்டையில் கிடைத்த, சுமார் 2000 வருஷத்துப் பழைய பேரீச்சை விதை ஒன்றை 2005-ல் ஊன்றினார்கள். அது முளைத்து மரமாகிவிட்டது. "தூங்கறது" என்ற வார்த்தையை விதைக்குத் தாராளமாகச் சொல்லலாம். இறந்தவருக்குத்தான் சொல்லக் கூடாது.

*தயிர்:* இளஞ்சூடான பால் ஒரு டம்ளர், கொதிக்கக் கொதிக்க இருக்கும் பால் ஒரு டம்ளர். சூடான பாலை நீங்கள்தான் கையாள வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு உறை ஊற்றி ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் இளஞ்சூட்டுப் பால் தயிராகி இருக்கும். மற்றது கெட்டியாகத் தோயாது. அதைக் கீழே ஊற்றிவிடுங்கள். உறையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கொதிக்கும் சூட்டில் செத்துவிட்டன. இதைப் பார்த்த பிள்ளையிடம், "உன் கையிலேயும் இது மாதிரி கண்ணுக்குத் தெரியாதது இருக்கு, அதுல சிலது கெட்டது, சோப்புப் போடு"ன்னு சொல்லிப் பாருங்கள். மறுபேச்சு இல்லாமல் கை கழுவும்.

"நெருப்பும்தான் சாப்பிடுது, வளருது, அசையுது. அதுக்கு உயிர் இருக்கா?" என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மடக்கும். சபாஷ் சொல்லுங்கள். ஏதோ ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. உணவு, சுவாசம், வளர்ச்சி, கழிவு, உணர்வு, தன் இனத்தைப் பெருக்குவது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உயிருள்ளது எதுவானாலும் செல் என்ற நுண்ணிய அறைகளால் ஆனது, நெருப்பில் அது இல்லை என்று விளக்குங்கள்.

முடிந்தால் பிள்ளை கையால் வளர்க்க ஏதாவது ஓர் உயிரைக் கொடுங்கள். கயோகோ இனகாகி என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் தங்கமீன் வளர்த்த சின்னக் குழந்தைகள், வளர்க்காத குழந்தைகளைவிட மீனைப் பற்றி நன்றாகச் சொன்னதோடு, வளர்த்தே இராத தவளையைப் பற்றியும் சரியாக யோசித்துப் பதில் சொன்னார்கள் என்று தெரிந்தது. மீன் தொட்டி வாங்க முடியாவிட்டால் ஒரு வெந்தயக்கீரைத் தொட்டி போதும்.

உயிர் எது, பொருள் எது என்று தெரியாவிட்டால்...

பொம்மை நாயின் வாலை இழுத்துப் பழகிய பிள்ளை, தெரு நாயின் வாலையும் இழுக்கும். நாய்க்கடியில் அடிக்கடி மாட்டுவது 5 முதல் 14 வயதுப் பிள்ளைகள்தான். "அதுக்கும் வலிக்கும், பயம் வரும், சாப்பிடும்போது தொட்டா கோபம் வரும்" என்று முன்பே சொல்லி வையுங்கள். கடித்துவிட்டால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள். சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன்: நாய்க்கடிக்குப் பச்சிலை தேடி என்னிடம் வராதீர்கள். நேரம் வீணாகக் கூடாது.

இன்னொன்று, "செத்துப்போன" பேட்டரி. பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் மாதிரியான சின்ன பேட்டரி, தீர்ந்துபோனதாக இருந்தாலும் அதில் மின்சாரம் மிச்சம் இருக்கும். பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"விதையை முழுங்கினா வயித்துல மரம் முளைக்கும்"னு பயமுறுத்துவதையும் விட்டுவிடலாம். அதை நம்பிச் சாப்பிடவே பயப்படுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். விதை முளைக்கக் காற்று வேண்டும். வயிற்றில் முளைக்காது, மலத்தோடு வெளியே போய்விடும். மூச்சுக்குழாயில் மாட்டினால்தான் ஆபத்து. அதனால் சின்னக் குழந்தைக்கு விதை நீக்கிக் கொடுங்கள்.

சாவைப் பற்றிக் கேட்டால்

"தூங்கறாரு", "ஊருக்குப் போயிருக்காரு" இரண்டும் வேண்டாம். முதலாவது, தூக்கத்தைக் கண்டால் பயத்தை உண்டாக்கும். இரண்டாவது, ஊருக்குப் போகிற எல்லோரையும் சந்தேகப்பட வைக்கும். "தாத்தா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது. திரும்பி வரமாட்டார்" என்று மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். "சாமிகிட்ட போயிட்டார்" என்பது உங்கள் வீட்டு நம்பிக்கை என்றால் அதையும் சொல்லலாம், ஆனால் இதைச் சொன்ன பிறகு. "உடம்பு சரியில்லாம செத்துட்டார்" என்று மொட்டையாகச் சொன்னால், அடுத்த ஜுரத்துக்குப் பிள்ளை நடுங்கும். "அது ரொம்பப் பெரிய வியாதி. உனக்கு வர்ற சளி, ஜுரம் எல்லாம் சரியாகிடும்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அழுதால் மறைக்காதீர்கள். தூக்கமின்மை, படுக்கையில் சிறுநீர், சாப்பிட மறுப்பது போன்றவை வாரக்கணக்கில் நீடித்தால் குழந்தை மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள்.

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன்.

அன்றைக்கு அவனைக் கொல்லைப்புறம் அழைத்துப்போய் ஆடாதொடைச் செடியைக் காட்டினேன். உள்ளே வந்து, ஜாடியிலிருந்து காய்ந்த ஆடாதொடை இலையையும், மருந்து அரைக்கிற கல்வத்தையும் காட்டினேன். "காஞ்ச இலைக்குத் தண்ணி ஊத்தினா மறுபடி வளருமா?" என்று கேட்டேன். "வளரும்" என்றான். ஒரு இலையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பாட்டியிடம், என்ன சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் வந்தான். "ஊறிப்போச்சு. வளரல" என்றான். கல்வத்தைத் தொட்டபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "தாத்தாவும் அப்படித்தானா?" என்று கேட்டான்.

"ஆமாம் தம்பி" என்றேன்.

பாட்டியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதான். நாற்பத்தேழு நாளில் தாத்தாவுக்காக அவன் அழுவது அதுதான் முதல் தடவை என்றார் அந்த அம்மா. அழவிட்டோம். அழுது முடித்ததும், "காஞ்ச இலையைத் தூக்கிப் போட்டுடுவீங்களா?" என்றான். "போடமாட்டேன். உனக்குப் போன வருஷம் இருமலுக்குக் குடுத்த கஷாயம் அந்த இலையிலதான் போட்டது" என்றேன். தலையை ஆட்டினான்.

பாட்டி அவனுக்கு மூன்று டப்பா வைத்துக் கொடுத்திருக்கிறார். பொங்கலுக்கு வந்தபோது சொன்னார். தாத்தாவின் கைத்தடியை எந்த டப்பாவில் சேர்ப்பது என்று வீட்டில் பெரிய விவாதமாம். தடி மரத்தில் செய்தது, அதனால் நடு டப்பாதான் என்று அவனே தீர்ப்புச் சொல்லிவிட்டு, டப்பாவில் அடங்காததால் தன் கட்டில் பக்கத்தில் சாத்தி வைத்துக்கொண்டானாம்.

இப்போதெல்லாம் பாட்டி மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பதில்லை. காலை ஆறரை மணிக்கு எழுப்பினால்கூட எழுந்திருக்க மாட்டேன் என்கிறானாம்.

அவர் கேட்ட லேகியத்தை நான் கடைசிவரை கொடுக்கவே இல்லை.